காலித் ஜமீல் நல்ல கோச்சா, இல்லை சின்ன டீம் கோச்சா?

பாளை பத்தாம் நம்பர்

2025 நவம்பரில் டாக்காவில் நம் கால்பந்து அணி வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றதிலிருந்து வ.உ.சி. மைதானத்துப் பக்கம் டீக்கடையில் ஒரே பேச்சு, இந்திய கோச் ஜமீலைத் தூக்கு என்று. 2003க்குப் பிறகு அதுவரை அவர்களிடம் நாம் தோற்றதில்லை, ஆகவே கோபம் நியாயம்தான். ஆனால் கத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மனிதர் ஆடின காலமும் தெரியாது, கோச்சாக எங்கெங்கே கிடந்தார் என்பதும் தெரியாது. தெரிந்ததை எழுதிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடுவோம்.

பிறந்தது 1977இல் குவைத்தில். வளைகுடாப் போர் சமயத்தில் குடும்பம் மும்பைக்கு வந்துவிட்டது. மிட்ஃபீல்டர். மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மறுபடி மஹிந்திரா. 2005-06இல் மஹிந்திரா தேசிய லீக்கை வென்றபோது அந்த அணியில் இருந்தார். இந்தியாவுக்கும் ஆடியிருக்கிறார். கொல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளும் கூப்பிட்டும், ஸ்பான்சர் சாராயக் கம்பெனி என்பதால் போகவில்லை என்று சொல்வார்கள். கடைசியாக மும்பை எஃப்.சி. 2009இல் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி, அதே அணிக்கே கோச் ஆனார். வயது 32. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டினவனிடம் இன்று போய், "நீ இன்னைக்கு பெஞ்சு" என்று சொல்ல வேண்டிய வேலை. அதில் ஏழு வருஷம் தாக்குப்பிடித்தார்.

பிறகு ஐஸ்வால், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், நார்த் ஈஸ்ட், ஜம்ஷெட்பூர். 2025 ஆகஸ்டில் இந்தியா. சாவியோ மெதைராவுக்கு அப்புறம் 13 வருஷமாக ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

என் கட்சி: இவரைத் தூக்கக்கூடாது. உங்கள் கட்சி என்ன?

வீரவநல்லூர் விங்கர்

என் கட்சி எதிர்க்கட்சி.

அண்ணாச்சி, வரலாறு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள். எல்லாரையும் பந்துக்குப் பின்னால் நிறுத்து, கிடைத்தால் ஒரு லாங் த்ரோ, இல்லையென்றால் ஒரு கவுன்டர். இதற்குப் பெயர் கோச்சிங் என்றால் எங்கள் ஊர்த் திருவிழா செவன்ஸ் டோர்னமென்டில் எல்லா டீமுக்கும் ஜமீல்தான் கோச். விங்கர் என்று ஒரு ஜாதி இருப்பதே அவருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். நம் விங்கர் சாங்தேயையே பேக் பக்கத்தில் ஓடவிடுகிறார்.

ரிசல்ட்டையும் சொல்கிறேன். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரோடு அவர்கள் ஊரில் 1-1. கோவாவின் மார்கோவில் அதே சிங்கப்பூரிடம் 1-2. ஆசியக் கோப்பைக் கனவு அதோடு போச்சு. அப்புறம் டாக்கா. இதில் எங்கே இருக்கிறது பெருமை?

பாளை பத்தாம் நம்பர்

பாதிக் கணக்குதான் சொல்கிறாய். அவர் வருவதற்கு முன்பே அந்தக் குரூப்பில் இரண்டு ஆட்டம் முடிந்து நம் கையில் இருந்தது ஒரே ஒரு பாயின்ட். அந்தக் கடனும் அவர் தலையிலா?

மத்திய ஆசிய நாடுகள் நடத்தின காஃபா கோப்பையை ஏன் விட்டாய்? மோகன் பகான் தன் ஆட்களை விடவில்லை. சேத்ரியையும் இவர் எடுக்கவில்லை. இருந்தவர்களை வைத்துத் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1. ஈரானிடம் 0-3 தோல்வி, ஆப்கானிஸ்தானோடு 0-0, கடைசியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாவது இடம். ஓமனை நாம் அதற்கு முன்பு ஜெயித்ததே கிடையாது. சிங்கப்பூர் ஆட்டத்தில் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி, பாதி ஆட்டத்துக்குப் பத்துப் பேர். அதிலும் கடைசி நேரத்தில் ரஹீம் அலி அடித்தான். நம்ம சென்னையின் எஃப்.சி.யில் வளர்ந்த பையன்.

இன்னொன்று, அந்த மாதங்களில் நம் பெரிய கிளப் லீக்கான ஐ.எஸ்.எல். நடக்கவே இல்லை. ஆட்டமே இல்லாத பையன்களை ரயிலேற்றிக் கூட்டிப்போய் எப்படி 90 நிமிஷம் ஓடவிடுவது?

மேலப்பாளையம் மிட்ஃபீல்ட்

ரயிலேற்றியா? டாக்காவுக்கா? 😄

தாராவி நெல்லையப்பன்

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நான் கல்லிடைக்குறிச்சிக்காரன், ஆனால் வேலை பார்த்தது முழுக்க மும்பையில். தாராவியில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்கேட்டில் இறங்கி, கூப்பரேஜ் மைதானத்துக்கு நடந்துபோய் மும்பை எஃப்.சி. ஆட்டம் பார்த்தவன். ஜமீல் அங்கே கோச்சாக இருந்த காலம்.

கூட்டம் என்று சொல்ல முடியாது. கேலரியில் குரல் கொடுத்தால் கோட்டோரம் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். செயற்கைப் புல், மத்தியான வெயிலில் கீழிருந்து அனல் வரும். எதிரில் ஈஸ்ட் பெங்காலோ சர்ச்சில் பிரதர்ஸோ வந்தால் அவர்களில் ஒரு ஆளின் சம்பளத்துக்கு இங்கே பாதி டீம் வாங்கலாம். அந்த நிலைமையில் ஒரு கோச் என்ன செய்ய முடியும்?

அவர் செய்ததைச் சொல்கிறேன். முன்னால் இரண்டு ஆளை விட்டுவிட்டு மற்ற எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிறுத்துவார். பின் வரிசைக்கும் முன் வரிசைக்கும் இடையில் ஒரு ஆள் திரும்பி நிற்கிற இடம்கூட இருக்காது. எதிராளி பந்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் எட்டுப் பேரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் எட்டுப் பேரும் அந்தப் பக்கம். பார்க்கிறவனுக்குச் சலிப்பு. நானே பக்கத்து ஆளிடம் திட்டியிருக்கிறேன். ஆனால் எண்பதாவது நிமிஷம் பாருங்கள், பெரிய டீம்காரனுக்குப் பொறுமை போய்விடும். தூரத்திலிருந்து கண்டபடி அடிக்க ஆரம்பிப்பான். அப்போது இவர்களுக்கு ஒரு கார்னர் கிடைக்கும். அதில் தலை வைப்பதற்கு ஒருத்தன் இருப்பான்.

ஏழு வருஷம் அந்த டீம், அப்போது தேசிய லீக்காக இருந்த ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கவில்லை. 2016இல் அவர் போனார். அடுத்த சீசனிலேயே மும்பை எஃப்.சி. கடைசி இடம், கீழே போனது. அதே சீசனில் அவர் ஐஸ்வாலோடு லீக்கைத் தூக்கினார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐஸ்வால் கதை பலருக்குத் தெரியும், ஆனாலும் ஒரு விஷயம் பேசப்படுவதில்லை. அந்த டீம் முந்தின சீசனில் ரெலிகேட் ஆகி லீக்கை விட்டுக் கீழே போன டீம். கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஜமீல் அங்கே போகும்போது மும்பையில் தன்னிடம் ஆடின அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ராணே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். சிரியாவின் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்ஃப்ரெட் ஜார்யன், இவர்களைச் சுற்றி மிசோ பையன்கள். மிசோ பையன்களுக்கு வேகம் ஏற்கெனவே இருந்தது, கால் வேலை இருந்தது. இவர் கொண்டுபோனது அந்த எட்டுப் பேர் நகர்கிற ஒழுங்கை. கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் மோகன் பகானைத் தங்கள் ஊரில் 1-0. கடைசி ஆட்டம் ஷில்லாங்கில் லஜோங்கோடு, டிரா போதும். முதலில் கோல் வாங்கி, அப்புறம் சமன் செய்து 1-1. 18 ஆட்டத்தில் 37 பாயின்ட், பகான் 36.

விங்கர் தம்பி, அந்த ஐஸ்வால் டீமில் விங்கர்கள் பறந்தார்கள். பழைய வீடியோ இருக்கிறது, பார். ஆளுக்குத் தகுந்த ஆட்டம் வைக்கத் தெரிந்தவர்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வீரவநல்லூர் விங்கர்

ஐஸ்வாலை நான் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. ஆனால் அதற்கு அப்புறம்? ஈஸ்ட் பெங்காலில் ஒரு சீசன், லீக் கிடைக்கவில்லை. சூப்பர் கோப்பை பைனலில் பெங்களூருவிடம் 4-1. மோகன் பகானில் பாதி சீசன். பெரிய டீம் கொடுத்தால் வண்டி ஓடவில்லை. நார்த் ஈஸ்டில் 2021இல் நடுவில் பொறுப்பெடுத்துத் தோற்காமல் ஓட்டி பிளே ஆஃப் போனார், ஒரு இந்தியக் கோச் அங்கே போனது அதுதான் முதல் தடவை, கை தட்டுகிறேன். அடுத்த வருஷம் முழுசாகக் கையில் கொடுத்தார்கள். பத்தாவது இடம்!

ஜம்ஷெட்பூரிலும் அதேதான். விழுந்துகிடந்ததை நிமிர்த்தினார், அரையிறுதி வரை கொண்டுபோனார், சூப்பர் கோப்பை பைனலில் கோவாவிடம் 3-0. நான் சொல்ல வருவது இதுதான்: விழுகிற டீமைத் தாங்கிப் பிடிக்க இவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் ஜெயித்தே ஆக வேண்டும், பந்து நம்மிடம்தான் இருக்கும் என்கிற ஆட்டத்தில் இவரிடம் பதில் இல்லை. மார்கோவில் சாங்தே கோல் அடித்தபின் நாம் என்ன செய்தோம்? பின்னால் போனோம். சிங்கப்பூரின் சாங் உய்-யங் இரண்டு அடித்தான்.

தலைப்பிலேயே கேள்வி இருக்கிறதே அண்ணாச்சி. சின்ன டீம் கோச்தான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தாராவி நெல்லையப்பன்

அப்படியானால் இந்தியா சின்ன டீம் இல்லையா?

வீரவநல்லூர் விங்கர்

இது நல்ல அடி. 😅

பி.இ.டி. வாத்தியார்

பேச்சு நன்றாகப் போகிறது. எனக்கு ஜமீலைப் பற்றித் தனிப்பட்ட கட்சி எதுவும் கிடையாது. ஆனால் ஆடினவர் கோச் ஆவது என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் பையன்களோடே கிழவனாகிவிட்டேன்.

நம் நாட்டில் இதுவரை வந்த பெரிய கோச் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியர். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்னில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். ஜகார்த்தாவில் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். அவர் பேக். பின்னால் நிறுத்தினால் நாள் முழுக்கத் தலையால் முட்ட வேண்டிவரும். ரஹீம் அவரைத் தூக்கி முன்னால் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அரையிறுதியில் கோல், கொரியாவோடு பைனலிலும் கோல். 2-1. இன்னொரு கோல் பி.கே. பானர்ஜி. அப்போது ரஹீமுக்குப் புற்றுநோய், அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த பி.கே. பின்னாளில் தானே கோச் ஆனார். ரோம் ஒலிம்பிக்ஸில் கேப்டன், பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தவர். கொல்கத்தாவில் முதலில் ஆரியன் கிளப், அப்புறம் கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வே, பெரிய கிளப் பக்கமே போகாதவர். 1972இல் ஈஸ்ட் பெங்காலுக்குக் கோச்சாக வந்தபிறகு அந்த டீமைத் தொட ஆள் இல்லை. ஆட்டத்துக்கு முன் டிரெஸ்ஸிங் ரூமில் அவர் பேசுகிற பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,000 பேர். எதிரில் மோகன் பகானின் கோச் அமல் தத்தா, அவரும் பழைய ஆட்டக்காரர்தான், 'டைமண்ட்' என்று ஒரு வியூகத்தை வைத்து அந்த சீசனில் எல்லாரையும் நொறுக்கிக்கொண்டிருந்தார். வாய்ப்பேச்சும் பலம். பி.கே. பதில் பேசவில்லை, பையன்களிடம் மட்டும் பேசினார். ஈஸ்ட் பெங்காலுக்கு 4-1. பூட்டியா ஹாட்ரிக்.

ரஹீம் வாத்தியார், பி.கே. ஆட்டக்காரர். இருவரும் கோச்தான். ஆடினவனுக்கு ஒரு லாபம் உண்டு: பையன் பந்தைத் தவறவிட்டால் எதனால் விட்டான் என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு நஷ்டமும் உண்டு. தனக்கு எளிதாக வந்தது இவனுக்கு ஏன் வரவில்லை என்பது புரியாது. "நானா இருந்தா அடிச்சிருப்பேம்லே" என்று கோட்டோரம் நின்று கத்துகிற பழைய ஃபார்வர்டுகளை நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒன்று காட்டுகிறேன். அந்தப் பையனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? காலை எங்கே வைத்தான், இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தானா, இதைச் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாகப் படிக்க வேண்டும்.

மேலப்பாளையம் மிட்ஃபீல்ட்

சார் சொன்னதற்கு ஒரு ஒட்டு.

2006 உலகக் கோப்பை பைனலில் முட்டினவர் ஜிதான், முட்டு வாங்கினவர் மேட்டராஸி. இரண்டு பேரும் கோச் ஆனார்கள். ஜிதான் அன்செலோட்டிக்கு அசிஸ்டென்டாக நின்று, ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியைப் பார்த்து, அப்புறம் 2016, 17, 18 என்று மூன்று சாம்பியன்ஸ் லீக். மேட்டராஸி எங்கே வந்தார்? சென்னைக்கு! 2014இல் ஆடிக்கொண்டே கோச். 2015 டிசம்பரில் வெள்ளம், அரையிறுதியின் முதல் ஆட்டத்தையே புனேக்கு மாற்றிவிட்டார்கள், அதிலும் 3-0. பைனல் கோவாவில். எதிர்க் கோச் ஜிக்கோ. 90 நிமிஷம் வரை 2-1 என்று பின்தங்கியிருந்து கடைசி இரண்டு நிமிஷத்தில் 3-2. மேட்டராஸி அதற்குப்பிறகு பெரிதாக எங்கும் கோச்சாக நிலைக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரிக்காக எங்கள் தெருவில் அவருக்கு இன்னும் மரியாதை உண்டு.

உவரிக்காரன்

லேட்டாக வந்திருக்கேன், மன்னிக்கவும். கடலில் தங்கி மீன்பிடிக்கிற தங்கல் முடிந்து இப்போதுதான் கரைக்கு வந்தேன்.

தாராவி அண்ணாச்சி அந்த எட்டுப் பேர் சேர்ந்து நகர்கிற கதையைச் சொன்னாரே, அதை எங்கள் கரையில் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்கிறேன். எங்களுக்கு ஒரு கோச் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வாலிபத்தில் நல்ல ஸ்ட்ரைக்கர், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்துப் போனவர். லீவுக்கு வரும்போதெல்லாம் எங்களைப் பிடித்து ஆட்டுவார். நாங்கள் நாலு பேக்கும் நாலு திசை. பந்து எங்கே போகுதோ அங்கே எல்லாரும் ஓடுவோம், மணலில் வளர்ந்த பிள்ளைகள், ஓட்டத்துக்கு என்ன குறைச்சல்.

ஒருநாள் சாயந்தரம் பழைய வலைக்கயிறு ஒன்றை எடுத்துவந்தார். நாலு பேர் இடுப்பிலும் சுற்றி, ஆளுக்கு ஆள் ஏழெட்டு மீட்டர் விட்டுக் கட்டினார். இப்போ தடுங்கலே என்றார். ஒருத்தன் பந்தைப் பார்த்துப் பாய்ந்தான், அவன் இழுத்த இழுப்பில் பக்கத்தில் இருந்தவன் மணலில் குப்புற விழுந்தான். கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். எங்களுக்கு மானம் போகிறது. கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் நாங்களே கத்த ஆரம்பித்தோம்: "ஏய் வா வா", "நில்லுலே", "விடு விடு, பின்னாடி". ஒருத்தன் முன்னால் போனால் மற்ற மூன்று பேர் உள்ளே சுருங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, கயிறு சொன்னது. அடுத்த நாள் கயிறு இல்லாமல் ஆடினோம். இடுப்பில் இருக்கிற மாதிரியே இருந்தது.

அந்த வருஷம் கோயில் திருவிழா டோர்னமென்டில் நாங்கள் வாங்கின கோல் ரொம்பக் குறைவு. அடித்ததும் குறைவுதான், அது வேறு விஷயம். விங்கர் தம்பி சிரிக்க வேண்டாம்.

அவர் கோச் லைசென்ஸ் எதுவும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். வேலையை விட்டுவிட்டு எந்தத் தைரியத்தில் போவது?

பி.இ.டி. வாத்தியார்

உவரி தம்பி, கயிறு கட்டுவது நல்ல பாடம். பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவர் படித்தாரோ, தானே யோசித்தாரோ, கும்பிடத்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாதீர்கள், கையைப் பிடித்துக்கொண்டு நகரச் சொன்னால் போதும்.

கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதுதான் நம் பக்கத்து நிலைமை. ஆட்டக்காரன் பதினெட்டு இருபது வயதில் ஜில்லா டீம், காலேஜ் டீம். அப்புறம் போலீஸோ ரயில்வேயோ வங்கியோ. கிடைத்தவன் அதைப் பிடித்துக்கொள்கிறான், தப்பே இல்லை. கிடைக்காதவன் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான். கோச் ஆக யார் மிச்சம்?

அம்பை அக்கா

சார், மிச்சம் இருப்பது நாங்கள்தான்!

ஆண்கள் டீமைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது தமிழ்நாட்டுப் பெண்கள். மறுவருஷம் மதுரை சேது எஃப்.சி. பெண்கள் லீக்கை எடுத்தது, கோச் அம்ருதா அரவிந்த். அமிர்தசரஸில் 2023இல் மறுபடி தேசியக் கோப்பை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை நம் ஆண்கள் எத்தனை தடவை எடுத்திருக்கிறார்கள் என்று இங்கே கேட்க மாட்டேன், மரியாதைக்காக.

நான் கோச்சுக்கான டி லைசென்ஸ் எடுத்தவள். பெரிய விஷயம் இல்லை, ஆரம்பப் படிகளில் ஒன்று. கிட்டத்தட்ட ஒரு வார வகுப்பு. அதற்கு மேலே சி, பி, ஏ, புரோ என்று போகிறது. நானும் உள்ளே போகும்போது ஆடத் தெரியும், அப்புறம் என்ன என்றுதான் போனேன். முதல் நாளே ஒருத்தர் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார்: பத்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், பந்து இத்தனை, இடம் இவ்வளவு, இருபது நிமிஷம், எல்லாரும் பந்தைத் தொட வேண்டும், யாரும் வரிசையில் நிற்கக்கூடாது. என்ன சொல்லிக்கொடுப்பாய்? எங்களில் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பாதிப் பேர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தராகக் கோல் அடிக்கவிட்டார்கள். ஒரு பிள்ளை அடிக்கும்போது பதினொரு பிள்ளை வேடிக்கை பார்க்கிறது. நம் ஊர் கிரவுண்டில் தினமும் நடப்பது அதுதான்.

இன்னொரு சங்கடம். வேலை பார்த்த ஒரு இடத்தில் (எந்த இடம் என்று கேட்காதீர்கள்) டீம் ஜெயித்தபோது போட்டோவில் நிற்க அழைத்தது நிர்வாகத்தில் இருந்த ஒரு சாரை. கோப்பையும் அவர் கையில். பிள்ளைகள்தான், "அக்கா எங்கே" என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். பெண் கோச் என்றால் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவள் என்று நினைக்கிற ஊர் இன்னும் இருக்கிறது. பெம்பெம் தேவி ஆடி முடித்துக் கோச் ஆகி, 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார். மணிப்பூரில் அது நடக்கிறது, இங்கேயும் நடக்கும்.

மேலப்பாளையம் மிட்ஃபீல்ட்

சந்தோஷ் டிராபி அடி வலிக்கிறது அக்கா.

காயல் கால்

இதில் ஒரு குறுக்கீடு. எங்கள் காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் நடத்துகிற ஆசாத் கோப்பைக்கு வெளி மாநில டீம் எல்லாம் வரும். சின்ன வயதில் நாங்கள் ஆட்டத்தைவிட பெஞ்சைத்தான் பார்ப்போம். பெரிய டீம் கோச் என்ன செய்கிறார் என்று. ஒருத்தர் 90 நிமிஷமும் உட்கார்ந்தே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் ஒருவன் நைஸாகப் பின்னால் போய் எட்டிப்பார்த்தான். பையன்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கு.

கோச் வேலையில் அதுவும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

தாராவி நெல்லையப்பன்

ஹாஹா. ஜமீலும் அதிகம் பேசாத ரகம்தான். பேட்டி எடுப்பவர்கள் பாவம். நாலு கேள்வி கேட்டால் நாலு வரி. "பையன்கள் நன்றாக உழைத்தார்கள்." முடிந்தது.

விங்கருக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. லாங் த்ரோவைக் கேலி செய்தார். தஜிகிஸ்தானுக்கு எதிரான முதல் கோல் உவைஸின் த்ரோவில் அன்வர் அலி தலையால் அடித்தது. உவைஸை ஜம்ஷெட்பூரில் வைத்துத் தேய்த்து எடுத்தது ஜமீல். கையில் இருக்கிற பொருளைக் கண்டுபிடிப்பதும் கோச் வேலைதானே? பத்து நாள் முகாமில் எல்லாரையும் பார்சிலோனா ஆக்க முடியுமா? நாட்டு டீம் கோச்சுக்கு நேரமே கிடையாது. கிளப் கோச்சுக்குத் தினமும் காலையில் பையன் கிடைப்பான். நாட்டு டீமுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அதிலும் கிளப் விட்டால்தான். நேரம் இல்லாதவன் முதலில் தடுப்பைத்தான் சரி செய்வான். கட்டுவதற்கு நாள் வேண்டும்.

வீரவநல்லூர் விங்கர்

இந்த வாதத்தை ஏற்கிறேன், முழுசாக இல்லை. நேரம் இல்லை என்றால் யார் வந்தாலும் இதே கதைதான் என்று ஆகிறது. அப்புறம் கோச்சை எதை வைத்து எடை போடுவது? டாக்காவில் 11ஆம் நிமிஷத்தில் கோல் வாங்கி, மிச்சம் 80 நிமிஷம் இருந்தது. அந்த 80 நிமிஷத்தில் என்ன மாற்றினார் என்று எனக்கு யாராவது காட்டட்டும். தடுப்பு ஆட்டக்காரருக்கு ஒரு கோல் பின்தங்கினால் கையில் சரக்கு இல்லை. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆனால் வெளிநாட்டுக் கோச் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை, அதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர்களையும் பார்த்துவிட்டோம்.

பாளை பத்தாம் நம்பர்

டாக்கா விஷயத்தில் என்னிடமும் பதில் இல்லை. அன்று நம் ஆட்டம் சவம்.

சரி, ஒரு சொந்த விஷயம். இழையைத் தொடங்கினதே பாதி அதற்காகத்தான். முட்டி போய்விட்டது. டாக்டர் ஓடலாம், ஆனால் திரும்பி வெட்டி ஓடாதே என்கிறார். பத்தாம் நம்பர் திரும்பாமல் என்ன ஆடுவது? சேவியர் காலேஜ் கிரவுண்டில் காலையில் கோட்டோரம் உட்கார்ந்து பார்க்கும்போது, உள்ளே இருந்ததைவிட இப்போது நிறையத் தெரிகிறது. அக்கா சொன்ன டி லைசென்ஸ் எடுக்கலாமா என்று யோசனை. வீட்டில், இதில் என்ன வரும்படி என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

அம்பை அக்கா

வரும்படி ஆரம்பத்தில் ஒன்றும் வராது, அதை வீட்டில் மறைக்காதே. தனியார் பள்ளிகளில் சாயந்தர அகாடமி வைத்து மாதச் சம்பளம் தருகிறார்கள், பெரிய தொகை இல்லை. பி.பி.எட். என்கிற உடற்கல்விப் பட்டம் இருந்தால் பள்ளி வேலைக்கு வழி உண்டு. வேலையை விடாதே, காலையும் சாயந்தரமும் மட்டும் பார். லைசென்ஸ் எடுத்த கையோடு சி-க்கு ஓடாதே. நடுவில் பிள்ளைகளோடு கிடக்க வேண்டும். அது இல்லாமல் மேலே மேலே படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோன் வைக்கத் தெரியும், அழுகிற பிள்ளையை என்ன செய்வது என்று தெரியாது.

உவரிக்காரன்

பத்தாம் நம்பர் அண்ணே, எங்கள் கரைக்கும் வாருங்கள். கயிறு இன்னும் இருக்கு.

பி.இ.டி. வாத்தியார்

தம்பி, வகுப்பு அறிவிப்பு வரும்போது வரட்டும். மழை விட்டால் ஞாயிறு காலை ஆறரைக்குப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வா. பதின்மூன்று வயதுக்குள் பையன்கள் பதினாலு பேர் வருவார்கள். பந்து ஐந்து இருக்கிறது, அதில் ஒன்றில் காற்று நிற்காது. கோல் போஸ்ட் ஒரு பக்கம்தான். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன், விசில் உன்னிடம். ஒரு மணி நேரம். யாரும் வரிசையில் நிற்கக்கூடாது என்று அக்கா சொன்னாரே, அதற்கு ஒரு வழி யோசித்துக்கொண்டு வா.

பாளை பத்தாம் நம்பர்

வருகிறேன் சார்.

வீரவநல்லூர் விங்கர்

நானும் வருகிறேன். பதினாலு பையன்களையும் இவர் பின்னால் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?